மன்னார் வளைகுடாத் தீவுகளைப் பார்க்கப் போகும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

தூத்துக்குடிக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையில், கரையை ஒட்டியே 21 தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. 1986-இல் இவை மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. இவை மணலும் பவளச் சிதைவும் குவிந்து எழுந்த தாழ்வான தீவுகள், ஊர் கிடையாது. இங்கே செல்வமெல்லாம் தண்ணீருக்கு அடியில். நூற்றுக்கு மேற்பட்ட பவள இனங்கள், கடற்புல் மேயும் ஆவுளியா, சங்கு, கடல் அட்டை என்று ஒரு தனி உலகம்.

அந்த 21-இல் இரண்டு இப்போது வரைபடத்தில் மட்டுமே இருக்கின்றன. தூத்துக்குடிப் பக்கத்து விலங்குச்சல்லியும் கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும் கடலில் மூழ்கிவிட்டன.

காரணம் தெரிந்துகொண்டு படகேறு. பல பத்தாண்டுகளாகப் பவளப்பாறையைப் பெயர்த்து வள்ளத்தில் ஏற்றிச் சுண்ணாம்புக் காளவாய்க்கும் கட்டட வேலைக்கும் அனுப்பினார்கள். பார், அதாவது கடலடிப் பாறைத்திட்டு, உடைந்த இடத்தில் அலையின் வேகத்தைத் தணிக்க ஒன்றுமில்லை. தீவின் மணல் அரித்துப் போனது. கடல்மட்டம் உயர்வதும் சேர்ந்துகொண்டது. 2001-இல் பவளங்கள் வனஉயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றன. சுனாமிக்குப் பிறகு, 2005 வாக்கில், வெட்டுவது பெருமளவு நின்றது.

தூத்துக்குடிக்கு எதிரே உள்ள வான் தீவும் மறையும் நிலைக்குத் தேய்ந்தது. தமிழக அரசும் தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனமும் 2015-இல் தொடங்கி, துளையிட்ட கான்கிரீட் கட்டமைப்புகளை ஆயிரக்கணக்கில் தீவின் முன்னே கடலடியில் இறக்கின. அலை தணிந்தது, அரிப்பு குறைந்தது, மணல் மீண்டும் சேர்ந்தது. கான்கிரீட்டின் மேலேயே பவளமும் பற்றி வளர்கிறது. மீன் கூட்டமும் வந்துவிட்டது. மனிதன் கெடுத்ததை மனிதனே ஓரளவு சீராக்க முடியும் என்பதற்கு, நம் கரையிலேயே இருக்கும் சான்று இது.

சீராக்க முடியாததும் உண்டு. பாண்டியர் காலம் தொட்டுப் புகழ்பெற்ற முத்துக்குளிப்பு 1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் நடக்கவில்லை. பாரில் சிப்பி போதுமான அளவு பெருகவில்லை. 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் இங்கே வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார்கள். ஆனால் பழைய முத்துப்பார்கள் திரும்பவில்லை.

இனி பயணத்துக்கு வருவோம். நினைத்த தீவில் இறங்க முடியாது. வனத்துறை அனுமதி வேண்டும். பாம்பன் அருகே குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறையே படகு விட்டிருக்கிறது. படகு ஓடுகிறதா என்று முன்னதாகவே மண்டபம் வனத்துறை அலுவலகத்தில் விசாரித்துக்கொள். மார்ச் மாதம் நல்லது. கடல் அடங்கித் தெளிந்திருக்கும். அந்தக் காலத்தில் முத்துக்குளிப்பும் ஏறக்குறைய அப்போதுதான். மே தொடங்கிக் காற்று கடுமையாகும், தண்ணீர் கலங்கிவிடும்.

பவளத்தின் மேல் கால் வைக்காதே. அது கல் போலத் தெரிந்தாலும் உயிர். ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்கூட வளராத இனங்கள் உண்டு. கரையில் யாராவது பவளத் துண்டையோ கடல் விசிறியையோ விலைக்கு நீட்டினால் வாங்காதே, வாங்குவதும் குற்றம். பிளாஸ்டிக் பையைப் படகிலேயே ஏற்றாதே. படகோட்டியிடம் நிறையக் கேள். எந்தப் பாரில் என்ன மீன், அப்பா காலத்தில் எப்படி இருந்தது என்று அவர் சொல்வதை ஒரு நோட்டில் எழுதி வை.

அன்புடன்,
அண்ணன்