கைமடி தைக்கிறவள் கவுன் போட்டு நடந்த கதை

தங்கச்சிமடம்

அன்புள்ள மருமகளுக்கு,

பொங்கல் போட்டோ வந்தது. தையல் ஆலை ஹாஸ்டல் வாசலில் ஆறு பேர், ஒரே நிறப் புடவை. "கூலி கேட்கத் தெரியல, ஆட்டம் மட்டும் தெரியுதுன்னு சூப்பர்வைசர் சிரிச்சாரு அத்தை" என்று எழுதியிருந்தாய். அந்தச் சிரிப்பு எனக்குள்ளும் உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் உன்னைப் போன்ற தையல்காரிகளின் கதை ஒன்றை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனும் நம்மைப் போலக் கடலோர ஊர்தான். சால்ட் ரிவர், வுட்ஸ்டாக் பகுதித் தையல் ஆலைகளில் மெஷின் மிதித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். அரசாங்கம் 1950இல் சட்டம் போட்டு 'கலப்பினத்தவர்' என்று முத்திரை குத்திய வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் முன்னோரில், டச்சுக்காரர்கள் நம் சோழமண்டலக் கரையிலிருந்து அடிமையாகக் கப்பலேற்றிப் போனவர்களும் உண்டு.

தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனது 1964இல். கேப்டவுனில் ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் மேலே கழித்து ஓர் ஊரைக் காகிதமே கொண்டுபோனது. 1966 பிப்ரவரி 11 அன்று, டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்ற பகுதி இனி வெள்ளையருக்கு மட்டும் என்று அறிவித்தார்கள். 60,000 பேருக்கு மேல் நகரத்துக்கு வெளியே மணல்வெளிக்கு விரட்டப்பட்டார்கள். வீட்டிலிருந்து நடந்தே வேலைக்குப் போனவளுக்கு, விடியுமுன் ரயிலுக்கு ஓடும் பிழைப்பானது.

அழகுக்கும் நிறம் பார்த்த நாடு அது. 1970இல் உலக அழகிப் போட்டிக்கு வெள்ளைப் பெண் ஒருத்தி 'சவுத் ஆப்பிரிக்கா' என்று போனாள். அதே கேப்டவுன் கலப்பினப் பெண்ணான பேர்ல் ஜான்சனை, பெயரைத் திருப்பிப் போட்டு 'ஆப்பிரிக்கா சவுத்' என்று அனுப்பினார்கள். இரண்டாவதாக வந்தது பேர்ல்தான்!

அந்தப் பத்தாண்டின் கடைசியில்தான் தையல்காரிகளின் 'வசந்த ராணி' போட்டி வளர்ந்தது. (அங்கே வசந்தம் செப்டம்பரில்.) ஒவ்வோர் ஆலையும் தன் ராணியைத் தேர்ந்தெடுக்கும், பிறகு எல்லா ராணிகளும் ஒரே மேடையில். கவுனை ஆலைத் தோழிகளே தைப்பார்கள்.

இதில் நீ கவனிக்க வேண்டியது ஒன்று. நீ நாள் முழுக்கத் தைப்பது கைமடி. பக்கத்து மெஷின்காரி காலர், அவளுக்கு அடுத்தவள் பட்டன்பட்டி. சட்டை முழுசாகிச் செக்கிங் மேசைக்குப் போகிற நேரம் நீ அடுத்த கட்டைப் பிரித்துக்கொண்டிருப்பாய். யார் போட்டுக்கொள்வார்கள், எந்தத் தோளில் அது எப்படி உட்காரும், உனக்குத் தெரியாது. அவர்களுக்கும் அப்படித்தான். வருஷத்தில் அந்த ஒரு ராத்திரி மட்டும், துணி வெட்டியதிலிருந்து கடைசி ஊசி வரை தாங்களே செய்த முழு உடுப்பை, தங்களில் ஒருத்தி உடம்பில், விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார்கள். மற்ற நாளெல்லாம் அவர்கள் தைத்தது அவர்கள் கண்ணுக்கு எட்டாத கடைக்குப் போனது.

எனக்கு அழகிப் போட்டியே ஆகாது, தாயி. இடுப்பு அளவும் நடையும் பார்த்து மார்க் போடுவது மாட்டுச் சந்தை வேலை. இந்தப் போட்டி முதலாளிகளுக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஆட்கள் குஷியாக இருந்தால் டார்கெட் தானாக ஓடும் என்ற கணக்கு. ஆனாலும் 1989இல் துணி, தையல் தொழிலாளர் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து சாக்ட்டு என்ற பெரிய சங்கமான பிறகு, கூலி பேச மேசையில் உட்கார்ந்த அதே சங்கம்தான் ராணியையும் மேடையேற்றியது. உங்கள் சூப்பர்வைசர் சொன்ன மாதிரி ஒன்று தெரிந்தவளுக்கு மற்றது தெரியாது என்று அங்கே யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

1994இல் நிறவெறி ஆட்சி போய் எல்லோருக்கும் வாக்குரிமை வந்தது. கூடவே இறக்குமதித் துணியும் மலிவாக வந்து குவிந்தது. ஆலைகள் மூடின; ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வேலை போனது. அதற்குப் பிறகும் போட்டி நடந்தது, ராணிகள்தான் குறைந்துபோனார்கள். பாம்பனில் பாசி எடுக்கப் போகும் பெண்கள் புடவைக்கு மேல் மாட்டிக்கொள்ளும் பழைய சட்டைகளைப் பார்க்கும்போது, இதை எந்த ஊரில் எவள் தைத்தாளோ என்று இப்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

போட்டோவுக்கு வருகிறேன். இடது ஓரத்தில் நிற்பவளின் பிளவுஸ் கடையில் தைத்தது இல்லை, உங்களில் யாரோ ராத்திரியில் தைத்தது. கை சுருக்கம் அவ்வளவு நேர்த்தி. யார் அவள்? அடுத்த தடவை அவளைத் திரும்பி நிற்கச் சொல்லி ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. முதுகுப் பக்கம் எப்படி வெட்டியிருக்கிறாள் என்று பார்க்கணும்.

அன்புடன்,
அத்தை