வைஃபை கார்டில் வைஃபை இல்லை!



பேங்க் கார்டின் மேல் நாலு வளைகோடு போட்டிருக்கிறதே, அதைப் பார்த்து "வைஃபை கார்டு" என்கிறோம். உண்மையில் அதில் வைஃபையும் இல்லை, பேட்டரியும் இல்லை. அப்புறம் எப்படி வேலை செய்கிறது?

நாம் படித்த டிரான்ஸ்பார்மர் பாடம்தான்! கடைக்காரரின் மெஷின் பிரைமரி. கார்டுக்குள் ஒளிந்திருக்கும் மெல்லிய சுருள் செகண்டரி. மெஷின் 13.56 மெகாஹெர்ட்ஸில் காந்தப்புலம் உண்டாக்கும. சுமார் 4 செ.மீ. அருகில் கார்டைக் கொண்டுபோனால் சுருளில் மின்சாரம் தூண்டப்பட்டு சிப் விழித்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு சங்கேத எண்ணைக் கணக்கிட்டு அனுப்பும். அந்த எண்ணை யாராவது பிடித்துவைத்தாலும் மறுமுறை செல்லாது.

இதில் இரண்டு வகை உண்டு.

முதல் வகை, நம் டெபிட் கார்டு. பணம் பேங்கில் இருக்கிறது. 2021 ஜனவரி முதல், 5,000 ரூபாய் வரை பின் நம்பர் போடாமலே தட்டலாம் என ரிசர்வ் வங்கி அனுமதித்தது.

இரண்டாவது, 2023 ஏப்ரலில் சென்னை மெட்ரோ, ஸ்டேட் பேங்குடன் சேர்ந்து வெளியிட்ட சிங்காரச் சென்னை கார்டு. 2025 ஜனவரியில் மாநகரப் பேருந்துக்கும் வந்தது. இதில் பயணப் பணம் சிப்பிலேயே இருக்கும். கண்டக்டரின் மெஷின் பேங்கைக் கேட்காமலே கழித்துக்கொள்ளும். சேலையூரில் ஏறி தாம்பரம் போவதற்குள் டவர் போனாலும் கவலையில்லை. சில்லறைச் சண்டையும் இல்லை!

ஆனால் கார்டு தொலைந்தால்? முதல் வகையை உடனே பேங்குக்குச் சொல்லி முடக்கிவிடலாம். தட்டும் வசதியை மட்டும் நாமே நிறுத்தி வைக்கவும் முடியும். இரண்டாவது வகையில், சிப்பில் உள்ள பணம் சட்டைப்பை நோட்டு மாதிரி, எடுத்தவர் செலவழித்துவிடலாம். ஆகவே தேவைக்கு மட்டும் ஏற்றிக்கொள்வதே புத்திசாலித்தனம்.

இனி போனையே கார்டாகத் தட்டும் காலம். போன், கார்டின் நிஜ எண்ணைக் கடைக்குத் தராமல் மாற்று எண்ணைத் தரும்; லாக்கும் உண்டு. பாதுகாப்பானதுதான். ஆனாலும், "எதிர்காலம் போனில் மட்டுமே" என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பட்டன் போன் வைத்திருக்கும் என் பாட்டிக்கு க்யூஆர் கோடு எட்டாது. கார்டைத் தட்டுவது எட்டும். சார்ஜ் தீர்ந்த நம் போனுக்கும் அதே கதிதானே!

நண்பர்களே, நாளை இந்த மெஷின்களைப் பொருத்துவதும் பழுதுபார்ப்பதும் நம்மைப் போன்ற டிப்ளமோக்காரர்கள்தான். எனவே தட்டுமுன் ஒரு கேள்வி கேட்டுப் பழகுவோம்: "என் பணம் பேங்கிலா, சிப்பிலா?" விடை தெரிந்தவன் ஏமாற மாட்டான், வீட்டுப் பெரியவர்களையும் ஏமாற விடமாட்டான்!