மூங்கில் திரையின் இரு பக்கங்கள்

11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முரசாகி ஷிகிபு என்னும் ஜப்பானியப் பெண்மணி 'கெஞ்சியின் கதை'யை எழுதினார். அதில் ஒரு காட்சி. மாளிகை முற்றத்தில் இளைஞர்கள் பந்து உதைத்து விளையாடுகின்றனர். உள்ளே மகளிர் மூங்கில் திரைக்குப் பின்னிருந்து அதனைக் கண்டு களிக்கின்றனர். வெளியே நிற்பவர்களுக்கோ அவர்கள் தெரிவதில்லை. திடீரென ஒரு பூனை பாய்ந்தோடுகிறது. அதன் கயிறு சிக்கித் திரையின் ஓரம் விலகுகிறது. ஓர் இளைஞன் இளவரசியைப் பார்த்துவிடுகிறான். பெருந்துயரம் ஒன்று அங்கே தொடங்குகிறது.

கதை இருக்கட்டும். ஒரே திரை எப்படி உள்ளிருப்பவருக்கு வழிவிட்டு, வெளியிலிருப்பவரைத் தடுக்கிறது?

பகலில் வெளியிலிருந்து பார்க்கும்போது, வெயிலொளி குச்சிகளில் பட்டு மிகுதியாக நம் கண்ணை அடைகிறது. இருண்ட அறையிலிருந்து இடைவெளிகளின் வழியே வரும் சிறிதளவு ஒளி அதில் மூழ்கிப்போகிறது. உள்ளிருந்து பார்த்தாலோ குச்சிகள் இருண்டும், இடைவெளிகள் ஒளி மிகுந்தும் தோன்றும். இரவில் அறையில் விளக்கேற்றினால் நிலைமை தலைகீழாகும். மறைப்பது மூங்கில் மட்டுமன்று, இரு பக்க ஒளியின் வேறுபாடும்தான்.

இத்திரையைச் 'சுதரே' என்பர். அரண்மனைகளிலும் கோயில்களிலும் தொங்கும், துணிக்கரை வைத்த நேர்த்தியான வகை 'மிசு' எனப்படும். ஓசாகாப் பகுதியில் கொங்கோ மலையை ஒட்டி வளர்ந்த இக்கைத்தொழிலை ஜப்பானிய அரசு 1996-இல் மரபுக் கைவினையாக அறிவித்தது.

மூங்கிலின் கணு மேடுகளைச் சீவி, நெடுக்காகப் பிளந்து, மெல்லிய குச்சிகளாக்குவர். மூங்கிலில் நார்கள் நீளவாக்கில் இணையாக ஓடுவதால், கத்தி ஆப்பைப்போல் நுழைந்ததும் பிளவு நேராக முன்னேறுகிறது. கையால் பின்னும்போது, ஒரு கட்டையின்மேல் குச்சியைக் கிடத்தி, நூல் சுற்றிய சிறு எடைகளை முன்னும் பின்னுமாக மாற்றிப் போடுவர். குச்சிகளின் பருமன் சீராக இல்லாவிடில் திரை கோணலாகத் தொங்கும்.

ஜப்பானியக் கோடை வெப்பமும் ஈரமும் மிகுந்தது. அக்காலத்தில் வீடுகளில் சுதரேயைக் கூரை விளிம்பிலிருந்து, சாளரத்திற்கு வெளியே தொங்கவிடுவர். ஏன் வெளியே?

தெளிந்த நண்பகலில், கதிருக்குச் செங்குத்தான 1 சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 1,000 வாட் சூரிய ஆற்றல் விழுகிறது. ஒரு மின் சலவைப்பெட்டியின் அளவு! திரையைக் கண்ணாடிச் சாளரத்திற்கு உள்ளே தொங்கவிட்டால், வெயில் கண்ணாடியைக் கடந்து வந்து திரையைச் சூடாக்கும். சூடேறிய திரை வெளிவிடும் நீண்ட அலை அகச்சிவப்புக் கதிர்களைக் கண்ணாடி நேராக வெளியே விடாது. திரையைத் தொட்ட காற்றும் அறைக்குள்ளேயே சுழலும். திரை வெளியே இருந்தால், அவ்வெப்பத்தின் பெரும்பகுதியை வெளிக்காற்றே கொண்டுசென்றுவிடும். இடைவெளிகளில் தென்றலும் நுழையும்.

திரையில் நீர் தெளித்தால் இன்னும் குளிரும். 1 கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் வேண்டும். ஆனால் காற்று ஈரமாகவும் அசைவின்றியும் இருக்கும் நாளில் இப்பயன் குறையும்.

நீங்களே சோதித்துப் பாருங்கள். ஒரே அளவான இரு கண்ணாடிச் சாடிகளில் வெப்பமானிகளை நிறுத்தி வாயை மூடுங்கள். ஒன்றில் பாய்த்துண்டை உள்ளே, வெயில் படும் பக்கமாக வையுங்கள். மற்றதில் அதே அளவு துண்டைச் சாடிக்கு வெளியே, விரலளவு தள்ளி நிறுத்துங்கள். 20 நிமிடம் வெயிலில் வைத்து அளவுகளைக் குறியுங்கள்.

2011-இல் புகுஷிமா அணு உலை விபத்துக்குப்பின் ஜப்பானில் மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிட வேண்டியதாயிற்று. அக்கோடையில் மக்கள் பலர் பழைய சுதரேயை மீண்டும் நாடினர். அறைக்குள் புகுந்த வெப்பத்தை வெளியேற்ற எந்திரமும் மின்சாரமும் வேண்டும். புகுமுன் தடுக்கச் சில மூங்கில் குச்சிகள் போதும். ஆனால் அவற்றைச் சரியான பக்கத்தில் தொங்கவிட வேண்டும்!