கீழவைப்பாரில் மனை வாங்குமுன்

கீழவைப்பார் பக்கம் மனை பார்க்கிறவர்களிடம் புரோக்கர் சொல்லும் முதல் வார்த்தை, "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு". அது மட்டும் போதாது. மனைப்பிரிவுக்கு (லேஅவுட்) நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல், அதாவது டிடிசிபி எண் வேண்டும். அனுமதி பெறாத மனைப்பிரிவில் 2016 அக்டோபர் 20-க்கு முன்பே வீட்டுமனையாகப் பதிவான மனையை மறுபடி விற்கலாம். அப்படிப் பதிவாகாத மனையைப் புதிதாகப் பதிய முடியாது. பழைய பத்திரத்தைக் கேட்டு வாங்கித் தேதியைப் பாருங்கள்.

சிட்டாவில் பரப்பு ஹெக்டேர்-ஏர் கணக்கில் இருக்கும். 0 - 2.02 என்றிருந்தால் 202 சதுர மீட்டர், ஏறக்குறைய 5 சென்ட். 'உட்பிரிவு' என்பது புல எண்ணுக்குப் பின் வரும் 2ஏ, 2பி மாதிரியானது. உங்கள் மனைக்குத் தனி உட்பிரிவு இல்லையென்றால் கூட்டுப் பட்டாதான் கிடைக்கும். பிறகு சர்வேயர் பின்னால் அலைய வேண்டும். புலப்படத்தையும் அ-பதிவேட்டையும் 'எங்கிருந்தும் எந்நேரமும்' இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம். அ-பதிவேட்டில் 'புறம்போக்கு' என்று கண்டால் அட்வான்ஸே கொடுக்காதீர்கள்.

பெரிய மனைப்பிரிவில் பூங்காவுக்கென 10 சதவீதம் விட்டு, தானப் பத்திரம் எழுதியிருக்க வேண்டும். அந்த இடத்தையே மனையாக்கி விற்பவர்களும் உண்டு. வரைபடத்தோடு ஒத்துப் பாருங்கள்.

கடலோர ஊர் என்பதால் இன்னொன்று: உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம். ஆற்று முகத்துவாரக் கரைக்கும் கட்டுப்பாடு உண்டு. பட்டா சரியாக இருந்தாலும் வீடு கட்டத் தனி அனுமதி தேவைப்படலாம்.