மலையேறும் மிதிவண்டி

மார்சிலிங் வட்டாரத்து அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளத்தைக் கடந்து செல்வோர், தூண்களின் அருகே பூட்டி வைக்கப்பெற்ற மிதிவண்டிகளை நாள்தோறும் காண்கின்றனர். சந்தைக்குச் செல்ல ஒன்று, பள்ளிக்குச் செல்ல ஒன்று, துருவேறி இன்னாருடையது என்றே தெரியாமல் நிற்பது ஒன்று. செம்பவாங் கடற்படைத் தளத்திலும் இரப்பர்த் தோட்டங்களிலும் நம் முன்னோர் உழைத்த நாளில், அவர்களுள் பலருக்கு மிதிவண்டியே வாகனமாய் இருந்தது. ஆயினும் அம்மிதிவண்டிகள் மலை என்பதை அறியமாட்டா. நம் தீவிலேயே உயர்ந்ததான புக்கிட் தீமா குன்றின் உயரம் ஏறக்குறைய 164 மீட்டர் மட்டுமே. மண்டாய்ச் சாலையின் சிறிய ஏற்றத்திலேயே நம்முள் பலர் இறங்கித் தள்ளத் தொடங்கிவிடுகிறோம்.

தமிழ்நாட்டு நீலகிரியில் உள்ள தொட்டபெட்டாச் சிகரம் 2,637 மீட்டர் உயரமுடையது. ஒன்றன்மேல் ஒன்றாகப் பதினாறு புக்கிட் தீமாக்களை அடுக்கினால் அவ்வுயரம் வரும். அத்தகைய மலை நாட்டில் மிதிவண்டி எவ்வாறு ஏறுகிறது, எவ்வாறு இறங்குகிறது என்பதே இப்பாடத்தின் பொருள். ஏட்டிலிருந்து மட்டும் இதனை நாங்கள் எழுதவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பர் விடுமுறையில் இங்கிருந்து நாங்கள் நால்வர் தாயகம் சென்றோம். உறவினரிடம் இரவல் பெற்ற மிதிவண்டிகளில் மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் வரை ஏறினோம். கோத்தகிரி வழியாக இறங்கினோம். இறங்கினோம் என்று நால்வரையும் சேர்த்துச் சொல்வது முழு உண்மையன்று. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

மேட்டுப்பாளையத்தைக் கடந்து கல்லாற்றின் பாக்குத் தோப்புகளுக்குள் நுழையும்வரை சாலை ஓரளவு சமமாகவே செல்கிறது. அதன்பின் மலை எதிரே சுவர்போல் நிற்கிறது. நேராக ஏற இயலாது என்பது கண்ணுக்கே தெரிகின்றது. ஆகவே சாலை இப்படியும் அப்படியுமாக மடங்கி மடங்கி ஏறுகின்றது. பெண்டிர் கூந்தலில் செருகும் ஊசியைப்போல் வளைந்திருப்பதால் அம்மடிப்புகளுக்குக் கொண்டை ஊசி வளைவுகள் என்று பெயர். குன்னூர்வரை அத்தகைய வளைவுகள் 14 உள்ளன.

வளைவினால் மலையின் உயரம் குறைவதில்லை. வழியின் நீளமே கூடுகிறது. ஏற வேண்டிய உயரம் அதுவேயாயினும், நீண்ட வழியில் அதனைப் பங்கிட்டுக் கொள்வதால் ஒவ்வோர் அடிக்கும் வேண்டிய வலிமை குறைகிறது. மூட்டையை லாரியில் ஏற்றும் தொழிலாளி சாய்பலகையை நீளமாகப் போட்டுக் கொள்வதும் இதே கணக்குத்தான். மலையைக் குடைந்து சாலை போட்ட கூலித் தொழிலாளர் எவருடைய பெயரும் எந்த வளைவிலும் பொறிக்கப்படவில்லை. குன்னூர்ச் சாலையை அமைப்பித்த கர்னல் லா என்னும் ஆங்கிலேயரின் பெயர் மட்டும், குன்னூருக்கு அருகில் உள்ள லாஸ் அருவிக்குச் சூட்டப்பெற்று நிலைத்திருக்கிறது.

இனி, பற்சக்கரங்களின் கணக்கைக் காண்போம். சாதாரண மிதிவண்டியில், மிதிக்கும் இடத்துச் சக்கரத்திற்கு 44 பற்களும் பின்சக்கரத்திற்கு 18 பற்களும் இருப்பதாகக் கொள்வோம். ஒருமுறை முழுச் சுற்று மிதித்தால் பின்சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்றுச் சுழலும். வண்டி 5 மீட்டர் முன்னேறும். நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் உயரும் சாலையில், அந்த 5 மீட்டருக்கு 40 சென்டிமீட்டர் ஏறியாக வேண்டும். இது நம் அடுக்குமாடி வீட்டின் இரண்டு படிகளுக்கும் மேல். ஒவ்வொரு சுற்றுக்கும் உடம்பையும் வண்டியையும் சேர்த்து இரண்டு படிக்குமேல் தூக்குவது எளிதன்று. பற்கள் ஏறத்தாழச் சமமாக இருக்கும்படி கியரை மாற்றினாலோ, ஒரு சுற்றுக்கு வண்டி 2 மீட்டர் அளவே நகரும். ஏற்றம் ஒரு படியளவு ஆகும். நிமிடத்திற்கு அறுபது சுற்று மிதிப்பவன் நிமிடத்திற்கு அறுபது படி ஏறுகிறான். விரைவு குறையும், ஆனால் முழங்கால் பிழைக்கும். எங்கள் நால்வருள் மூவரின் வண்டிகளுக்குக் கியர் இருந்தது. நான்காமவர் பர்லியாறு தாண்டியதுமே தள்ளத் தொடங்கிவிட்டார். தள்ளிக்கொண்டு வந்தவர் எங்களுக்கு அதிகம் பின்தங்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

சாலைக்குத் துணையாக மலை ரயிலும் ஏறுகிறது. 1899இல் குன்னூர்வரையிலும், 1908இல் உதகைவரையிலும் அப்பாதை திறக்கப்பட்டது. 2005இல் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டது. கல்லாறு முதல் குன்னூர்வரை அதன் தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் அமைந்த இரும்புப் பட்டைகள் இரண்டு செல்கின்றன. எஞ்சினின் பற்சக்கரம் அப்பற்களைக் கவ்விக் கொண்டு ஏறுகிறது. மிகச் சரிவான இடத்தில் பன்னிரண்டரை மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம். அதாவது நூற்றுக்கு எட்டு. இரும்புமேல் இரும்பு வழுக்கும் ஆதலின் அச்சரிவில் பற்கள் இல்லாது ரயிலை நம்ப இயலாது. மிதிவண்டியின் இரப்பர்ச் சக்கரமோ அதனினும் கடிய சரிவில் பிடிமானத்தோடு ஏறும். மசினகுடியிலிருந்து உதகைப் பக்கம் ஏறும் கல்லட்டிச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. பன்னிரண்டு கிலோமீட்டர் அளவிலேயே ஆயிரம் மீட்டருக்கும் மேல் உயரம் ஏறிவிடுகிறது. 2008ஆம் ஆண்டு முதல் டிசம்பர் மாதங்களில் நடந்துவரும் நீலகிரி மிதிவண்டிச் சுற்றுப்பயணத்தில் கலந்து கொள்வோரின் ஆற்றலை உரைத்துப் பார்க்கும் கல் அக்கல்லட்டியே ஆகும்.

மேட்டுப்பாளையம் ரயில் நிலையம் 326 மீட்டர் உயரத்திலும், உதகை நிலையம் 2,203 மீட்டர் உயரத்திலும் உள்ளன. ஆளும் வண்டியுமாக 75 கிலோகிராம் எடையை அவ்வளவு உயரத்திற்குத் தூக்கும் வேலையை வெப்ப அளவில் சொன்னால், உணவுக் கணக்கில் 330 கலோரி ஆகும். நம் உடம்பு, உண்ட உணவின் ஆற்றலில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கையே மிதிக்கும் வேலையாக மாற்றுகிறது. ஆகவே 1,300 கலோரிக்கு உணவு வேண்டும். ஓர் இட்டிலிக்கு 50 கலோரி என்று வைத்தால் 26 இட்டிலி! நாங்கள் காலையில் உண்டவை ஆளுக்கு ஆறு. குன்னூரை அடையுமுன் கை நடுங்கிக் கண் இருண்டதன் காரணம் அப்பொழுது விளங்கவில்லை. கணக்குப் போட்ட பின்னரே விளங்கிற்று.

காற்றும் துணை செய்யவில்லை. உதகையின் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் நாலில் மூன்று பங்கிற்குச் சற்றே மிகும். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு அவ்வளவுக்குக் குறைவு. ஆயிரம் மீட்டர் ஏறுந்தோறும் வெப்பமும் ஏறக்குறைய ஆறரைப் பாகை குறைந்து வருகிறது. வியர்வையில் நனைந்த சட்டையோடு மாலையில் உதகை ஏரிக்கரையில் நின்றபோது பற்கள் தந்தியடித்தன. அவ்வேரி இயற்கையானதன்று. கோயம்புத்தூர் ஆட்சியராய் இருந்த ஜான் சல்லிவன் 1820களில் நீரோடையைத் தடுத்து அமைப்பித்தது அது. பைக்காரா, எமரால்டு, அவலாஞ்சி முதலிய நீலகிரி ஏரிகளும் மின்சாரத்திற்காக அணைகட்டித் தேக்கியவையே.

ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலை ஏரிகள் பல வேறு வகையில் பிறந்தவை. பனியாறுகள் பாறையைக் குடைந்தமையால் உண்டான பள்ளங்களில் நீர் நிறைந்து அவை ஏரிகளாயின. ஆல்ப்ஸில் கலிபியே என்றொரு கணவாய் உண்டு. அதன் உயரம் 2,642 மீட்டர். நம் தொட்டபெட்டாவினும் ஐந்தே மீட்டர் மிகுதி. ஆயினும் தொட்டபெட்டாவைச் சோலைக்காடு சூழ்ந்திருக்க, கலிபியேயில் மரமே இல்லை; கோடை தொடங்கும்வரை பனி மூடிக் கிடக்கும். பூமத்திய ரேகையிலிருந்து அது நெடுந்தொலைவில் இருப்பதே காரணம்.

பிரான்சு நாட்டைச் சுற்றும் புகழ்பெற்ற மிதிவண்டிப் பந்தயம் 1903இல் தோன்றியது. 1910இல் பிரெனே மலையின் தூர்மலே கணவாய்க்கும், மறு ஆண்டில் கலிபியேக்கும் வீரர்களை அனுப்பினர். பல கியர்களைச் சங்கிலி தாவி மாறும் அமைப்பு அப்பந்தயத்தில் 1937இல்தான் அனுமதிக்கப்பெற்றது. அதுவரை அவ்வசதியின்றியே ஏறினர். 1913இல் யூஜின் கிரிஸ்தோஃப் என்பவர் தூர்மலேயைக் கடந்து இறங்குகையில் வண்டியின் முன் கவை முறிந்துவிட்டது. பிறர் உதவி பெறலாகாது என்பது விதி. வண்டியைத் தோளில் சுமந்து பத்து கிலோமீட்டருக்கும் மேல் நடந்து, ஒரு சிற்றூர்க் கொல்லன் பட்டறையை அடைந்தார். நடுவர்கள் பார்த்து நிற்கத் தாமே இரும்பைக் காய்ச்சி அடித்து இணைத்தார். துருத்தி ஊதிய சிறுவனின் உதவியைப் பெற்றார் என்று அதற்கும் நேரத் தண்டனை விதித்தார்கள்! விதியைக் காத்த நடுவர்களைவிடத் துருத்தி ஊதிய அச்சிறுவனையே எங்களுக்குப் பிடிக்கிறது.

ஏறும்போது அன்று, இறங்கும்போதுதான் அவருடைய வண்டி முறிந்தது. எங்களுக்கும் அவ்வாறே நேர்ந்தது.

முன்னர்க் கூறிய 330 கலோரி எங்கும் மறைந்துவிடவில்லை. உயரத்தில் அது சேமிப்பாய் இருக்கிறது; இறங்கும்போது முழுவதும் திரும்பி வருகிறது. நான்கு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான ஆற்றல் அது. விரைந்து இறங்கினால் அதன் பெரும்பகுதியை எதிர்க்காற்று உண்டுவிடும். அஞ்சி அஞ்சிப் பிரேக்கை விடாது அழுத்திக்கொண்டே மெதுவாக வந்தாலோ, பெரும்பகுதியும் பிரேக் கட்டைக்கும் சக்கரத்தின் ரிம்முக்கும் இடையே வெப்பமாகிறது. ரிம் சூடேறினால் உள்ளிருக்கும் டியூபின் காற்றும் சூடேறி விரியும்.

இதனை அறியாத எங்களுள் இளையவர், கோத்தகிரியிலிருந்து ஏறக்குறைய பத்து கிலோமீட்டர் தூரம் இரு பிரேக்குகளையும் ஒருகணமும் விடாமல் பிடித்தபடி வந்தார். ஒரு வளைவில் வெடிச்சத்தம் கேட்டது. முன்சக்கரத்து டியூப் வெடித்து, வண்டி ஓரச் சுவரில் மோதிற்று. சுவர் முழங்கால் உயரமே. அதற்கு அப்பால் பள்ளம். அவர் சுவருக்கு இப்பக்கம் விழுந்ததனால், காறையெலும்பு முறிந்ததோடு பிழைத்தார்.

மேல்சரிவில் தேயிலை கிள்ளிக் கொண்டிருந்த பெண்கள் கூடைகளைப் போட்டுவிட்டு ஓடி வந்தனர். அவர்களுள் மூத்த அம்மையார் ஒருவர் தம் தலைத்துணியைக் கிழித்துக் கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டினார். எங்களை நோக்கி, "எந்த ஊரு தம்பி?" என்றார்.

"சிங்கப்பூருங்க அம்மா."

"லாரிக்காரங்களே இந்த மலையிலே பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வரமாட்டாங்க. கீழ் கியரைப் போட்டு எஞ்சினைப் பிடிச்சு இறக்குவாங்க. உங்க வண்டியிலே எஞ்சினும் இல்லையே. பிடிச்சுப் பிடிச்சு விட வேணாமா?"

அறிவியல் நூல் கூறுவதும் அதுவே. வளைவு வருமுன் நேரான வழியிலேயே இரு பிரேக்குகளையும் அழுத்தி விரைவைக் குறைத்து, பின்னர் விட்டுவிட வேண்டும். விட்ட நேரத்தில் காற்று ரிம்மைக் குளிர்விக்கும். வளைவுக்குள் புகுந்தபின் அழுத்தினால் சக்கரம் சறுக்கும். நெடிய இறக்கத்தில் இடையிடையே நின்று, ரிம்மின் அருகே கையைக் கொண்டு சென்று பார்க்க வேண்டும், தொடலாகாது, சுடும்.

தோட்டத்து லாரியை எதிர்பார்த்து நின்ற ஒருமணி நேரத்தில் அவ்வம்மையார் தம் கதையைக் கூறினார். இலங்கையின் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி தாயகம் திருப்பப்பட்ட குடும்பங்களுள் ஒன்றைச் சேர்ந்தவர். அத்தகையோர்க்கு வேலை தருவதற்காகவே தமிழ்நாட்டு அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களை அமைத்தது என்பதை நாங்கள் ஏட்டில் படித்திருக்கிறோம். அவர் அவ்வாறு சொல்லவில்லை. "அங்கேயும் மலைதான், இங்கேயும் மலைதான். குளிர் மட்டும் இங்கே கொஞ்சம் கூட" என்றார். தம் சிற்றப்பா ஒருவர் மலாயா சென்று திரும்பவேயில்லை என்றும், அவரைப் பற்றி ஏதேனும் தெரியுமா என்றும் கேட்டார். சொல்வதற்கு எங்களிடம் ஏதும் இல்லை.

லாரி வந்தது. முறிந்த கையோடு இளையவரும், வளைந்த சக்கரத்தோடு மிதிவண்டியும் அதில் ஏறினர். மற்ற மூவரும் பிடித்துப் பிடித்து விட்டு, மூன்றிடங்களில் நின்று நின்று இறங்கினோம். மேட்டுப்பாளையத்தின் வெப்பக் காற்று முகத்தில் அடித்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது.

இளையவரின் எலும்பு ஆறு வாரத்தில் கூடியது. ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதாக எங்கோ கண்டுபிடித்து, அடுத்த விடுமுறைக்கு அழைத்தவரும் அவரே. புதிய பிரேக் கட்டைகள் நான்கு சோடி வாங்கி வைத்திருக்கிறோம். இட்டிலிக் கணக்கை மாணவர்கள் போட்டுப் பார்க்கலாம்.