புரட்டாசிக்குள் ஒரு விண்ணப்பம்: இயற்பியல் படிக்கும் நம்மூர்ப் பெண்களுக்கு

பி.எஸ்சி. இயற்பியல் லேபில் ஸ்பெக்ட்ரோமீட்டரைத் தொட்டதும் முதல் வேலை, அதன் டெலஸ்கோப்பை ஜன்னலுக்கு வெளியே திருப்புவதுதான். தூரத்துத் தென்னையோ செல்போன் டவரோ, பார்வைக்கு வாய்த்தால் கோபுரமோ துல்லியமாகத் தெரியும்வரை திருக வேண்டும். பிறகு மெர்க்குரி விளக்கு, கிரேட்டிங். இருட்டில் கண்ணை ஒட்டிவைத்துக்கொண்டு பச்சைக் கோட்டைத் தேட வேண்டும். கோடு குறுக்குக் கம்பியில் வந்து உட்கார்ந்ததும் வெர்னியரை வாசித்து, கணக்குப் போட்டு, 5461 ஆங்ஸ்ட்ராம் என்று ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிற்கும் ஆதித்யா-எல்1 விண்கலத்தில் உள்ள முதன்மைக் கருவியும் ஒரு பச்சைக் கோட்டைத்தான் தேடுகிறது. 5303 ஆங்ஸ்ட்ராம். பதின்மூன்று எலக்ட்ரான்களை இழந்த இரும்பு அணு உமிழும் ஒளி அது. சூரியனின் கரோனா எனும் வெளிமண்டலம் பத்து லட்சம் டிகிரிக்கு மேல் கொதிப்பதால்தான் இரும்புக்கு அந்த நிலை. சூரிய வட்டத்தின் கண்கூசும் ஒளியை விலக்கிவிட்டு, சுற்றியுள்ள மங்கலான ஒளியை மட்டும் எடுத்துக் கோடு கோடாகப் பிரிக்கும் அந்தக் கருவியைக் கட்டியது பெங்களூரு இந்திய வான்இயற்பியல் நிறுவனம். சங்கரன்கோவில் பக்கத்துக் கல்லூரி லேபில் நீங்கள் செய்யும் வேலையும் அதுவும் ஒரே குடும்பம். இதை யாராவது லேபிலேயே சொல்லியிருந்தால் எத்தனை பிள்ளைகள் அந்த நோட்டை வேறு கண்ணோடு பார்த்திருப்பார்கள்!

அந்த விண்கலத்தின் திட்ட இயக்குநராக இருந்த நிகார் ஷாஜி, செங்கோட்டைக்காரர். நம் சங்கரன்கோவில் ஸ்டேஷன் வழியாகச் சென்னைக்குப் போகும் பொதிகை எக்ஸ்பிரஸ் எங்கே புறப்படுகிறதோ அந்த ஊர். செங்கோட்டை அரசுப் பெண்கள் பள்ளியில் படித்து, திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் முடித்து, ராஞ்சி அருகே மெஸ்ராவில் மேற்படிப்பு படித்தவர். 1987இல் இஸ்ரோவில் சேர்ந்தார். 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய விண்கலம், 2024 ஜனவரி 6 அன்று தன் இடத்தில் போய் நின்றது.

ஆகவே, 'நம்ம ஊருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்' என்ற கேள்வியை இதோடு விட்டுவிடலாம். நம் பெண்கள் எங்கே நின்றுபோகிறார்கள் என்பதுதான் பேச வேண்டியது. கணக்கு வராமல் நின்றுபோகிறவர்கள் குறைவு. தேதி தெரியாமல் நின்றுபோகிறவர்களே அதிகம் என்பது என் கருத்து. மூன்றாம் ஆண்டு ரிசல்ட் வந்த பிறகு, "இனி என்ன படிக்கலாம்?" என்று கேட்கும்போது, அந்த வருஷத்துக்கான பெரிய கதவுகள் எல்லாம் மூடி மாதக்கணக்காகியிருக்கும். அதே நேரத்தில்தான் வீட்டில் அத்தை "நல்ல இடம் வந்திருக்கு" என்று ஆரம்பிப்பார். கையில் ஒரு அட்மிஷன் கடிதம் இருக்கும் பெண் அத்தைக்குச் சொல்லும் பதிலும், ஒன்றும் இல்லாத பெண் சொல்லும் பதிலும் ஒன்றாக இருக்காது.

நம்மூர்க் காலண்டரை வைத்தே தேதிகளைச் சொல்கிறேன். பி.எஸ்சி. மூன்றாம் ஆண்டில் எழுத வேண்டிய முக்கியத் தேர்வு ஜாம். ஐ.ஐ.டி.க்கள், என்.ஐ.டி.க்களில் எம்.எஸ்சி. சேரவும், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஒருங்கிணைந்த பிஎச்.டி. சேரவும் இதன் மதிப்பெண் வேண்டும். விண்ணப்பம் பொதுவாக ஆவணி பிற்பாதியில் திறந்து புரட்டாசியோடு முடிந்துவிடும். தேர்வு தை பிற்பாதியிலோ மாசி தொடக்கத்திலோ. அதாவது ஐந்தாம் செமஸ்டர் நடக்கும்போதே விண்ணப்பித்திருக்க வேண்டும். ஜெஸ்ட் என்ற இன்னொரு தேர்வின் மதிப்பெண்ணைப் பல ஆராய்ச்சி நிறுவனங்கள் ஏற்கின்றன. அதற்கான விண்ணப்பம் பெரும்பாலும் கார்த்திகை முதல் தைக்குள் வரும். ஆடித்தபசுக் கூட்டத்தில் சப்பரம் பார்க்க நிற்கும் நேரத்தில் இந்த எல்லா அட்மிஷனும் முடிந்திருக்கும். ஆடித்தபசுக்குப் பிறகு விசாரிப்பதில் பயன் இல்லை.

பிளஸ் டூவில் இருக்கும் தங்கைக்குக் கதவுகள் வேறு. ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனங்கள் ஏழு உண்டு; திருவனந்தபுரமும் திருப்பதியும் நமக்குப் பக்கம். ஐந்து வருஷப் படிப்பு, நுழைவுத் தேர்வின் பெயர் ஐ.ஏ.டி. புவனேஸ்வரில் உள்ள தேசிய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனமான நைசருக்கும் மும்பையில் உள்ள அணுசக்தித் துறை மையத்துக்கும் நெஸ்ட் என்ற தேர்வு. இரண்டு தேர்வுக்கும் கோடை முடியக் காத்திருக்காமல் விண்ணப்பித்துவிட வேண்டும். திருவனந்தபுரத்தில் விண்வெளித் துறையே நடத்தும் ஐ.ஐ.எஸ்.டி.க்கு ஜே.இ.இ. அட்வான்ஸ்டு எழுத வேண்டும். அங்கே பொறியியல் இயற்பியலில் சேர்ந்து வானியலில் முதுகலை வரை போகும் படிப்பும் இருக்கிறது. இவை எதற்கும் பிளஸ் ஒன்னில் கணக்கு, இயற்பியல், வேதியியல் உள்ள குரூப் எடுத்திருப்பதே பாதுகாப்பு. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்தில் குரூப் தேர்ந்தெடுப்பதை யாரோ ஒருவர் பேச்சில் முடிவு செய்யாதீர்கள்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை வீட்டில் இருந்தால் இஸ்ரோ நடத்தும் யுவிகா முகாமைக் கவனியுங்கள். 2019இல் தொடங்கியது; கோடை விடுமுறையில் இரண்டு வாரம் இஸ்ரோ மையத்தில் தங்கிப் படிக்கலாம். கிராமப்புறப் பள்ளியில் படிப்பதற்குத் தனி மதிப்பெண் உண்டு. ஊராட்சிப் பள்ளியில் படிப்பதே முன்னுரிமையாகும் இடங்கள் அபூர்வம். அதை விட்டுவிடாதீர்கள்.

மொழி விஷயத்தை மழுப்பாமல் பேச வேண்டும். ஜே.இ.இ. மெயின் தேர்வைத் தமிழில் எழுதலாம். ஜாம், ஜெஸ்ட், ஐ.ஏ.டி., நெஸ்ட் எதற்கும் தமிழில் வினாத்தாள் இல்லை. இது அநியாயம்தான். ஆனால் இயற்பியல் வினாத்தாளின் ஆங்கிலம் கதைப் புத்தக ஆங்கிலம் போல அகலமானதில்லை. இருநூறு, முந்நூறு சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும். பழைய ஜாம் வினாத்தாள்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பத்து ஆண்டுத் தாள்களை எடுத்து, தெரியாத சொல்லுக்கெல்லாம் அடிக்கோடு போட்டு, ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதி வாருங்கள். ஐந்தாவது தாளுக்குப் பிறகு அடிக்கோடுகள் குறைவதை நீங்களே பார்ப்பீர்கள். கணக்கு உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

வீட்டில் கேட்கும் அடுத்த கேள்வி பணம். "பிஎச்.டி.ன்னா இன்னும் அஞ்சு வருஷம் யாரு செலவு பண்ணுவா?" என்று அப்பா கேட்டால், அவர் கேட்பது நியாயமான கேள்வி. பதிலும் நியாயமாகவே இருக்கிறது. ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகைத் தகுதியோடு சேரும் ஆராய்ச்சி மாணவிக்கு மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருஷத்துக்குப் பின் 42,000 ரூபாய் உதவித்தொகை. 2023 ஜனவரி முதல் இந்தத் தொகை. வீட்டு வாடகைப்படி தனி. விசைத்தறிக் கூலியிலோ பூக்கட்டும் கூலியிலோ நடக்கும் வீட்டுக்கு இது செலவு கணக்கில் வராது. வரவு கணக்கில் வரும். பிளஸ் டூவில் தம் போர்டில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து அறிவியல் பட்டப்படிப்பில் சேர்வோருக்கு மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை ஆண்டுக்கு 80,000 ரூபாய் வரை. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்த மாணவிகளுக்குத் தமிழக அரசின் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். பஸ் செலவுக்கும் ஜெராக்ஸ் செலவுக்கும் யாரையும் கேட்க வேண்டியதில்லை என்பது சின்ன விஷயம் இல்லை.

பிஎச்.டி. மட்டுமே வழி என்றும் நினைக்க வேண்டாம். நிகார் ஷாஜி போனது எலக்ட்ரானிக்ஸ் வழி. இஸ்ரோவில் விஞ்ஞானி/பொறியாளர் பணிக்கு பி.இ. படிப்பில் குறைந்தது 65 சதவீதம் கேட்கிறார்கள். அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். வயது வரம்பு அறிவிப்புக்கு அறிவிப்பு மாறும், பார்த்துக்கொள்ளுங்கள். முதல் வகுப்பில் தேறிய பாலிடெக்னிக் மாணவிகளுக்குத் தொழில்நுட்ப உதவியாளர் பணிகள் வருகின்றன. நெல்லை மாவட்டத்து மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கும் மையம் இருக்கிறது. குலசேகரன்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். நெல்லையை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் மேல் வளிமண்டலத்தை ஆராயும் ஒரு கூடம் அமைதியாக வேலை செய்துகொண்டிருக்கிறது; இந்திய புவிக்காந்தவியல் நிறுவனத்தின் கிளை அது. பஸ்ஸில் அதைத் தாண்டிப் போகிறவர்களில் பலருக்கும் அது என்னவென்று தெரியாது.

எம்.எஸ்சி. முடித்தவர்களுக்குப் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. மருத்துவ இயற்பியல் படித்தால் புற்றுநோய் சிகிச்சை மையங்களில் கதிர்வீச்சின் அளவைக் கணக்கிடும் வேலை. அந்த நிபுணர் இல்லாமல் கதிர்வீச்சு சிகிச்சை மையம் நடத்த முடியாது. வானிலைத் துறையில் அறிவியல் உதவியாளர் பணிக்கு பி.எஸ்சி. இயற்பியல் போதும், 2022இல் 990 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. பி.எட். முடித்து ஆசிரியர் ஆவதும் நல்ல வழிதான். லேபில் அந்தப் பச்சைக் கோட்டைக் காட்டி ஆதித்யாவைப் பற்றிச் சொல்லும் ஒரு டீச்சர் இந்த ஊருக்கு அவசரமாகத் தேவை.

வரவிருப்பதும் கொஞ்சமில்லை. மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலியில் ஈர்ப்பலைகளைப் பிடிக்கும் லைகோ-இந்தியாவுக்கு 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை 2,600 கோடி ரூபாய் ஒப்புதல் தந்தது. ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் எழும் எஸ்.கே.ஏ. ரேடியோ தொலைநோக்கித் திட்டத்தில் இந்தியாவும் பங்காளி. இன்று பிளஸ் ஒன் படிக்கும் பெண் பிஎச்.டி. முடித்து வரும் காலத்தில்தான் இவற்றுக்கு ஆள் தேடுவார்கள்.

இதற்கெல்லாம் காத்திருக்காமல் இப்போதே தொடங்கவும் வழி உண்டு. ஆதித்யாவின் தரவுகளை இஸ்ரோ தன் பிரதான் என்ற இணையவாசலில் பொதுமக்களுக்கே திறந்துவைத்திருக்கிறது. பழைய லேப்டாப்பில் பைத்தான் கற்றுக்கொண்டால் இறக்கிப் பார்க்கலாம். ராட் அட் ஹோம் என்ற இந்தியக் குழு, பட்டப்படிப்பு மாணவர்களுக்கு ரேடியோ தொலைநோக்கிப் படங்களை ஆராயச் சொல்லித் தருகிறது. நெல்லை கொக்கிரகுளத்தில் மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை போதும். கொடைக்கானலுக்குச் சுற்றுலா போனால் ஏரியோடு திரும்பிவிடாமல் சூரிய ஆய்வுக்கூடத்துக்கும் ஏறுங்கள். 1899இல் தொடங்கிய இடம். அங்கே மேரி எவர்ஷெட் என்ற பெண் தன் கணவரோடு சேர்ந்து சூரியச் சுடர்களைத் தொகுத்து ஆராய்ந்து 1917இல் வெளியிட்டார்.

சேர்ந்த பிறகு வேலையிடம் எப்படி? நேராகச் சொன்னால், சமமாக இல்லை. அன்னா மாணி சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, சி.வி. ராமனிடம் வைரம், மாணிக்கத்தின் ஒளி நிறமாலையை ஆராய்ந்தவர். எம்.எஸ்சி. இல்லை என்ற ஒரே காரணத்துக்காகச் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் தரவில்லை. அவர் சோர்ந்து உட்காரவில்லை. வானிலைத் துறையில் நாட்டின் கருவிகளையே உருவாக்கி, துணைத் தலைமை இயக்குநராக ஓய்வுபெற்றார். காலம் மாறித்தான் இருக்கிறது. 2019இல் இந்திய வானியல் சங்கத்துக்கு முதல் பெண் தலைவராக ஜி.சி. அனுபமா வந்தார். அதே ஆண்டு இந்திய வான்இயற்பியல் நிறுவனத்தின் இயக்குநர் பொறுப்பை அன்னபூரணி சுப்ரமணியம் ஏற்றார். ஆனாலும் மேலே போகப்போகப் பெண்கள் குறைவு.

அதனால் வழிகாட்டிப் பேராசிரியரைத் தேர்ந்தெடுக்கும் முன் விசாரியுங்கள். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டை விசாரிப்பதைவிடக் கவனமாக விசாரிக்க வேண்டும். அவரிடம் இதுவரை எத்தனை பெண்கள் பட்டம் முடித்தார்கள், எத்தனை வருஷம் ஆனது, மாநாடுகளுக்கு யாரை அனுப்புகிறார் என்று இப்போது அங்கே படிக்கும் அக்காமார்களிடம் தனியாகக் கேளுங்கள். பிஎச்.டி. காலத்தில் 240 நாள் வரை மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பும், படிப்பை முடிக்கப் பெண்களுக்குக் கூடுதலாக இரண்டு ஆண்டும் யூ.ஜி.சி. விதியில் இருக்கிறது. கேட்டு வாங்க வேண்டியது உங்கள் உரிமை. எந்த நிறுவனத்திலும் 2013 சட்டப்படி பாலியல் புகார்களுக்கான உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். அதில் யார் யார் என்பதைச் சேர்ந்த முதல் வாரத்திலேயே தெரிந்துவையுங்கள். இடையில் சில ஆண்டுகள் விட்டுப்போனவர்களுக்கு மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் வைஸ்-கிரண் திட்டம் இருக்கிறது.

கடைசியாக ஒரு காகிதம். தமிழ்நாட்டில் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் வைத்திருக்கும் பலரும் அதையே ஐ.ஐ.டி. விண்ணப்பத்தில் ஏற்றிவிட்டுப் பிறகு தவிக்கிறார்கள். மத்திய நிறுவனங்கள் கேட்பது ஓ.பி.சி. நான்-கிரீமி லேயர் சான்றிதழ், அதுவும் அவர்கள் கேட்கும் கால வரம்பில் வாங்கியது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று கடந்துவர நாளாகும். ஆகவே மூன்றாம் ஆண்டு கல்லூரி திறந்த வாரமே ஆதார், வருமானச் சான்று, அப்பாவின் சாதிச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். இன்னொன்று, ஜாம் விண்ணப்பத்தில் பெண்களுக்குக் கட்டணம் பாதிதான்.