வேதபாடம்: கஞ்சி கொடுத்த கை

வாசிக்க: ரூத் 2ஆம் அதிகாரம், லேவியராகமம் 19:33-34



"உங்கட ஊர் எது?" என்று கேட்டால் நம்மில் பலருக்கு உடனே பதில் வருவதில்லை. 1977லும் 1983லும் நடந்த வன்செயல்களால் தோட்டங்களை விட்டுச் சென்றவர்கள் நம்மிடையே உண்டு. விக்டோரியா நீர்த்தேக்கத்துக்காகத் தெல்தெனியப் பகுதியில் வயல்களை இழந்தவர்கள் உண்டு. போரினாலும் மண்சரிவினாலும் வீடிழந்தவர்களும் உண்டு. காணி போகும்போது விளைச்சல் மட்டும் போவதில்லை. "இது நம்முடைய இடம்" என்ற உணர்வும் போய்விடுகிறது. அது மீண்டும் எப்படி வரும்? கண்டி நகரில் வாழ்ந்து மறைந்த ஒருவரின் வாழ்க்கையைக் கொண்டு சிந்திப்போம்.

1. தயவு பெற்ற அந்நியர்

யோசேவ்வாஸ் அடிகளார் 1651இல் கோவாவில் பிறந்தவர். அக்காலத்தில் இலங்கையின் கரையோரங்களை ஆண்ட ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருமார் வருவதைத் தடை செய்திருந்தனர். எனவே 1687இல் அவர் ஏழைக் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். வந்ததும் கடும் வயிற்றோட்டம் கண்டது. நோய் தொற்றிவிடும் என்று மற்றவர்கள் ஒதுக்கிவிட, இரக்கமுள்ள ஒரு பெண் கஞ்சி கொடுத்துக் காப்பாற்றினார் என்று அவருடைய வரலாறு கூறுகிறது.

1692இல் கண்டிக்கு வந்தார். இங்கோ அவரைப் போர்த்துக்கேய ஒற்றர் என்று சந்தேகித்துச் சிறைவைத்தார்கள். நாளடைவில் அவருடைய நடத்தையைக் கண்ட பௌத்த மன்னர் இரண்டாம் விமலதர்மசூரியர் கட்டுப்பாடுகளைத் தளர்த்தினார்.

2. தயவு காட்டிய அந்நியர்

1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. மன்னரும் மக்களில் பலரும் நகரைவிட்டு நீங்கினர். நோயாளிகளைச் சொந்த வீட்டாரே காட்டில் கொண்டுபோய் விட்டனர். அடிகளாரும் அவருடைய மருமகனான கர்வாலியோ அடிகளாரும் அவர்களைத் தேடிச் சென்றார்கள். புண்களைக் கழுவினார்கள், உணவூட்டினார்கள், இறந்தவர்களை அடக்கம் செய்தார்கள். இன்னார் கிறிஸ்தவர், இன்னார் பௌத்தர் என்று பார்க்கவில்லை.

நோயால் ஒதுக்கப்பட்டுக் கிடப்பது எப்படியிருக்கும் என்பதை அவர் அனுபவித்து அறிந்தவர். யாழ்ப்பாணத்தில் வாங்கிக் குடித்த கஞ்சி, பத்தாண்டுகளுக்குப் பின் கண்டிக் காட்டில் மற்றவர்களுக்குக் கிடைத்தது. 1711 சனவரி 16இல் அவர் கண்டியிலேயே மரித்தார். 2015இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. அந்நியராக வந்தவரை இன்று இலங்கையர் தம்மவர் என்றே சொல்கின்றனர்.

3. போவாஸின் வயல்

ரூத் மோவாப் நாட்டவள், விதவை. பெத்லகேமில் கதிர் பொறுக்கிப் பிழைத்தாள். வயற்காரரான போவாஸ் என்ன செய்தார்? தம் வேலையாட்கள் மொண்டுவைத்த தண்ணீரைக் குடிக்கச் சொன்னார். அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட அழைத்தார். வேண்டுமென்றே சில கதிர்களை விட்டுவைக்கும்படியும், அவளை வெட்கப்படுத்த வேண்டாம் என்றும் ஆட்களுக்குக் கட்டளையிட்டார். கொடுத்தது பெரிது, வெட்கப்படுத்தாமல் கொடுத்தது அதைவிடப் பெரிது. நிவாரண வரிசையில் நின்ற நமக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

மத்தேயு 1:5இன்படி போவாஸின் தாய் ராகாபும் வேற்று இனத்தவளே. அந்நியப் பெண்ணின் மகன்தான் அந்நியப் பெண்ணுக்கு இடம் கொடுத்தான். எகிப்தில் அந்நியராயிருந்ததை மறவாமல், தங்களிடம் வரும் அந்நியரை நேசிக்கும்படி இஸ்ரவேலருக்குக் கடவுள் சொன்னதும் இதற்காகவே.

4. நமது குடியேற்றத்தில்

நமக்குக் கொஞ்சம் காணி கிடைத்து, கிணறு வெட்டி, கத்தரியும் மிளகாயும் காய்க்கத் தொடங்கியபின் புதிதாக ஒரு குடும்பம் வருகிறது. "நாங்கள் முந்தி வந்தவர்கள்" என்று நம் வாயும் சொல்லிவிடுகிறது. அன்று நம்மைப் புண்படுத்திய சொல்லை இன்று நாமே சொல்கிறோம்.

காணி உறுதிக்காக விண்ணப்பிப்பதும், உரிமைக்காகச் சங்கமாகச் சேர்வதும் அவசியம். அதை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் உறுதிப் பத்திரம் வேலியைத்தான் காட்டும். ஊர் என்பது வேலிக்கு இருபுறமும் உள்ளவர்களின் உறவு. கடவுள் நம்மைத் தம் பிள்ளைகளாக ஏற்றுக்கொண்டபோது நம்மிடம் பத்திரம் கேட்கவில்லை. அந்தத் தயவில் வாழும் நாம், வருகிறவருக்குக் கிணற்றில் ஒரு முறை ஒதுக்கலாம். ஒரு சுண்டு விதை கொடுக்கலாம். மண்வெட்டியை இரவல் கொடுக்கலாம். அவர் பேசும் மொழியில் இரண்டு வார்த்தை பழகலாம்.

குழுவாகச் சிந்திப்போம்

1. நாம் இடம்பெயர்ந்தபோது முதலில் நமக்குச் சாப்பாடு கொடுத்தவர் யார்?

2. நமது கிராமத்தில் இன்னும் "வந்தவர்கள்" என்றே அழைக்கப்படும் குடும்பம் எது? அவர்கள் பெயர் நமக்குத் தெரியுமா?

3. வரும் போகத்தில் அவர்களோடு சேர்ந்து செய்யக்கூடிய ஒரு வேலை என்ன?

செபம்: ஆண்டவரே, எங்களுக்குக் கஞ்சி கொடுத்த கைகளை ஆசீர்வதியும். எங்கள் கைகளையும் அப்படிப்பட்ட கைகளாக்கும். ஆமென்.